பெட்டிக்கு ஆயிரத்தைந்நூறு

திருச்சியில் பொம்மை ரயில், கப்பல் செய்யும் பாகங்களைப் பெட்டியாக விற்கும் கடை ஒன்று இருந்தது. முதலாளி ஞானப்பிரகாசம், சரக்கு பழசாகப் பழசாக விலையை ஏற்றுவார்.

பொன்மலை ரயில் பட்டறை ஃபிட்டர் பூவராகனுக்கு அங்கிருந்த பொம்மை நீராவி எஞ்சின் பெட்டிமேல் ஆசை. ஆயிரம் ரூபாய் சேர்த்துக்கொண்டு போனால் விலை ஆயிரத்தைந்நூறு. அதையும் சேர்த்துக்கொண்டு போனால் இரண்டாயிரம்.

"அதே எஞ்சின்தானே முதலாளி?"

"பாகத்தை ஒட்டி விளையாடற உனக்கு என்னய்யா தெரியும்? சேர்த்து வைக்கிறவங்க தேடற, சீல் உடைக்காத பழைய பெட்டி! உள்ள இருக்கிற பிளாஸ்டிக் ஐந்நூறுதான் பெறும். மிச்சமெல்லாம் பெட்டிக்கு!" என்று கடையே கேட்கும்படி சொன்னார் முதலாளி.

பூவராகன் ஐந்நூறு ரூபாயை மேஜைமேல் வைத்தார். "பெட்டியை நீங்களே வச்சுக்குங்க. உள்ள இருக்கிறதை ஒரு பையில போட்டுக் கொடுங்க."

"காலிப் பெட்டியை எவன்யா வாங்குவான்?"

"அதைத்தான் ஆயிரத்தைந்நூறுக்கு என் தலையில கட்டப் பார்த்தீங்க."

கடையில் சிரிப்பு கிளம்பியது. கப்பல் பெட்டியோடு நின்ற ஒருவர் அதை மெல்ல அலமாரியில் திருப்பி வைத்தார். அதைப் பார்த்ததும் முதலாளி, "சரி, பழைய ஆயிரத்தையே கொடு" என்றார்.

பூவராகன் கொடுத்தார். வாசற்படியிலேயே உட்கார்ந்து, சீலைக் கிழித்துச் சக்கரங்களை எண்ணத் தொடங்கினார்.