கிளட்ச்மேல் இரண்டு விரல்

“இந்த வேலை எனக்கு எப்பத்தான் வருமுங்க, வாத்தியாரே?” என்று நாச்சிமுத்து கேட்டார்.

ரெபேக்கா எஞ்சின் சிலிண்டரை மடியில் வைத்து, அதன் ஓரத்தை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அந்தத் துணிய எடுங்ணா.”

எடுத்துக் கொடுத்தார். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாண வீடுகளில் சமைப்பவர். அவளுக்கு அவரைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவள். ஒருநாள் முழு வேகத்தில் எஞ்சின் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. அன்றிலிருந்து வலது கால் சற்று இழுக்கும். இப்போது கோவை சிங்காநல்லூரில், ஒரு மாவு மில்லின் பின்புறம், பட்டறை வைத்திருக்கிறாள்.

நாச்சிமுத்துவின் மகள் மேகலாவுக்குப் பந்தயம் ஓட்ட ஆசை. பழைய சின்ன எஞ்சின்களுக்கென்று ஒரு கிளப் போட்டி நடத்தியது. அதிகம் செலவழித்துச் செய்த வண்டிக்கு அதில் இடமில்லை. ஜெயிப்பவருக்கு அடுத்த வருடம் ஒரு நல்ல அணியில் ஓட்டும் வாய்ப்பு.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு நூறு சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் ரெபேக்காவிடம் வந்தார். சைலன்ஸருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது.

“நான் செஞ்சு தரமாட்டேன்,” என்றாள் அவள். “நீங்க செய்ங்க. நான் கூட இருக்கேன்.”

அப்படித்தான் அவர் சீடரானார். ஞாபகம் இருக்கும்போது வாத்தியாரே என்பார். மறந்தால் அம்மணி என்பார்.

வண்டியின் எடையைக் குறைக்கச் சொன்னாள். அவர் மட்கார்டைக் கழற்றினார், விளக்கைக் கழற்றினார், மகள் உட்காரும் இடம் தவிர சீட்டையும் அறுத்தார். அதோடு நிற்கவில்லை. பிரேக் பெடலில் வரிசையாகத் துளை போட்டுக்கொண்டு வந்து காட்டினார்.

ரெபேக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஏனுங்ணா, இதுல எத்தன இட்லி ஊத்தலாம்?”

மேகலா சிரித்த சிரிப்பில் மாவு மில்காரர் எட்டிப் பார்த்தார். பெடல் குப்பைக்குப் போனது. மறுநாள் அவர் வேறு பெடல் தேடி உக்கடம் போனார். புகைக்குழாயைப் புனல் செய்கிற ஒருவரிடம் தகரத்தில் சுருட்டி வாங்கினார்கள். பிஸ்டன் வேறொரு வண்டியுடையது. கார்புரேட்டர் இன்னொன்றினுடையது.

வண்டி இரண்டு சக்கரத்தில் நின்ற அன்று, மேகலாவை அதில் உட்காரவைத்து, அவளுடைய இடது கையின் இரண்டு விரல்களை ரெபேக்கா கிளட்ச்சின்மேல் வைத்தாள்.

“இது எப்பவும் இங்கதான் இருக்கணும்.”

“கியர் மாத்தறப்ப வெச்சாப் போதாதாக்கா?”

“எஞ்சின் இறுகிப் பிடிச்சுதுன்னா உடனே கிளட்ச்ச அமுக்கணும். அமுக்கினா சக்கரம் உருளும், நீ பொழச்சுக்குவ. விரல எடுத்து வெக்கிற நேரமெல்லாம் கெடைக்காது.”

நாச்சிமுத்து வேறொன்றைக் கவனித்திருந்தார். டீ குடிக்கும்போது தெருவில் ஏதாவது ஒரு வண்டி உறுமிக்கொண்டு போனால், ரெபேக்காவின் இடது கையில் இரண்டு விரல் மட்டும் மெல்ல மடங்கும்.

“அது என்ன பழக்கமுங்க, அம்மணி?”

“எதுங்க?” என்றாள் அவள்.

பிறகு ஜெட் வந்தது. பித்தளையில் ஒரு சுண்டுவிரல் நகத்தளவு. நடுவில் ஊசித் துளை. அதன் வழியாகத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகிறது. துளை சிறுத்தால் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், வண்டி பறக்கும். ரெபேக்கா மூன்று பழைய ஸ்பார்க் பிளக்குகளை அவர்முன் வைத்தாள். ஒன்றின் முனை கறுப்பு, ஒன்று காப்பிக்கொட்டை நிறம், ஒன்று சுண்ணாம்பாய் வெளுப்பு.

“வெள்ளையா வந்தா ரொம்பச் சூடுங்ணா. கறுப்பா வந்தா மந்தம். நடுவுல இருக்குது பாருங்க, அது நல்லது.”

“கொத்தமல்லி வறுக்கற மாதிரிங்களா?”

“எப்படி?”

“கருகறதுக்கு ஒரு நொடி முந்தித்தான் வாசம் அள்ளிக்கிட்டுப் போகும். அங்கயே நிக்கலாம்னு நெனச்சோம்னா சட்டி போச்சு.”



“அதேதானுங்ணா,” என்றாள்.

“அப்ப எனக்கு வந்துருச்சா?”

அவள் பிளக்குகளைத் துணியில் சுற்றினாள்.

ஓடுதளத்தில் பயிற்சி நாள். அப்பாவும் மகளும் அவளிடம் சொல்லாமல் சின்ன ஜெட்டைப் போட்டார்கள். மேகலா மூன்றாவது சுற்றில் அவர்கள் நின்ற சுவரோரம் கடந்தபோது, நாச்சிமுத்து அப்படி ஒரு சத்தத்தை அதுவரை கேட்டதில்லை. கரகரப்பெல்லாம் போய், கம்பியை மீட்டியது மாதிரி ஒரே சுரமாய் இழுத்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

பக்கத்தில் ரெபேக்கா இல்லை. காலை இழுத்துக்கொண்டு, நிறுத்தச் சொல்லி எண்ணெய்த் துணியை வீசிக்கொண்டு, சுவரின் விளிம்புக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

மேகலா உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

“என்னக்கா! எவ்வளவு சூப்பராப் போய்க்கிட்டிருந்துச்சு!”

ரெபேக்கா பிளக்கைக் கழற்றி நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் போட்டாள். கொதித்தது. அடுப்புக்குப் பழகிய கை, தாங்கியது. முனை வெளுத்திருந்தது. அதன்மேல் ரவையைவிடப் பொடியாக வெள்ளிப் புள்ளிகள்.

“இது என்னுங்க?”

“பிஸ்டன். உருக ஆரம்பிச்சிருச்சு.”

அவர் மகளைப் பார்த்தார். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?”

“ரொம்ப நல்லாப் பாடுச்சுங்ணா.”

பிஸ்டனைத் தேய்த்து, புது ரிங் போட்டு, மறுபடி மூடினார்கள். போட்டியன்று காலை ரெபேக்கா அவர் கையில் இரண்டு ஜெட்டுகளையும் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டாள்.

“சின்னதப் போடுப்பா,” என்றாள் மேகலா. “பிடிச்சா கிளட்ச்ச அமுக்கிக்கறேன். அதுக்குத்தான ரெண்டு விரல் வெச்சிருக்கேன்?”

அவர் பெரியதைப் போட்டு முறுக்கினார்.

“அந்தச் சிவப்பு வண்டிக்காரன் சின்னதுதான் போட்டிருப்பான். நான் தோத்துருவேன்ப்பா.”

“இருக்கும் கண்ணு.”

“அப்புறம் எதுக்கு இந்த வண்டியச் செஞ்ச?”

“நீ ஓட்டறதுக்குத்தான்.”

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

போட்டி தொடங்கியது. சிவப்பு டேங்க் வண்டி முதலில், மேகலா அதன் பின்னாலேயே. வளைவில் அவள் நெருங்குவாள். நேர்ப்பாதையில் அவன் நழுவிவிடுவான். சுற்றுக்குச் சுற்று அப்படியே போனது. சிவப்பு வண்டிக்காரனின் அப்பா நாச்சிமுத்துவுக்குப் பக்கத்தில் நின்று, தொடையில் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

கடைசிக்கு முந்திய சுற்றில் சிவப்பு வண்டி சுவரோரம் கடந்தது. கரகரப்பு இல்லை. கம்பியை மீட்டியது மாதிரி ஒரே சுரம்.

“கேட்டீங்களா, என்ன சவுண்டு!” என்றார் அந்த அப்பா.

நாச்சிமுத்து அவர் முழங்கையைப் பிடித்தார்.

“ஏனுங்க, உங்க பையனக் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க. ஏதாச்சும் கையக் காட்டுங்க.”

அவர் முழங்கையை உருவிக்கொண்டார்.

“ஏன், உங்க பொண்ணு முன்னால வர்றதுக்குங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க!”

சுற்றி நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

கடைசிச் சுற்று. தூரத்து வளைவிலிருந்து இரண்டு வண்டிகளும் நேர்ப்பாதைக்குத் திரும்பின. நாச்சிமுத்து மகளைப் பார்க்கவில்லை. அவர் காதில் சிவப்பு வண்டியின் சுரம் ஏறிக்கொண்டே வந்தது. இன்னும் மெலிந்தது, இன்னும் இனித்தது.

எஞ்சின் இறுகிப் பிடிக்கவில்லை. சிவப்பு வண்டி கோட்டைத் தாண்டியது. மேகலா ஒரு வண்டி நீளம் பின்னால்.

அந்த அப்பா நாச்சிமுத்துவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகனைத் தோளில் தூக்க ஓடினார்.

கூட்டம் கலைந்தது. மேகலா இன்னும் உள்ளே வரவில்லை. ஓடுதளத்தைச் சுற்றி மெதுவாக வந்துகொண்டிருந்தாள். தகரக் குழாயிலிருந்து அவளுடைய வண்டியின் கரகரப்பு தூரத்தில் கேட்டது.

ரெபேக்கா வந்து சுவரில் சாய்ந்தாள்.

“போயிருச்சுங்க, அம்மணி,” என்றார் அவர். “அவளுக்கு நான் என்ன சொல்லுவேன்? அந்த ஆளு சிரிச்சதுகூடச் சரிதான். ஒண்ணும் ஆகலியே அந்தப் பையனுக்கு.”

“ஆகலீங்ணா.”

“நல்லவேளை,” என்றார். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே கேட்டது.

ரெபேக்கா அவருடைய இடது பக்கம் குனிந்து பார்த்தாள்.

“அது என்ன பழக்கமுங்ணா?”

“எதுங்க?”

அவர் குனிந்தார். தொங்கிக்கொண்டிருந்த இடது கையில் இரண்டு விரல் மட்டும், இல்லாத ஒன்றை இறுக்கிப் பிடித்தபடி மடங்கியிருந்தன. நீட்டிப் பார்த்தார். வலித்தது. எப்போதிலிருந்து அப்படிப் பிடித்திருந்தாரோ.

“வேல எப்ப வரும்னு கேட்டீங்கல்ல?” என்றாள் ரெபேக்கா.

“ஆமாங்க.”

“வந்துருச்சு, வாத்தியாரே.”