யாருக்கு இடது?

ஒரு காட்டில் கரடி ஒன்று பல் வைத்தியம் கற்றுக்கொடுத்து வந்தது. தலைக்கனத்துக்குக் குறைச்சலே இல்லை. அதனிடம் படித்தவர்கள் ஒரு கடுவனும் ஒரு மந்தியும். ஆண் குரங்கைக் கடுவன் என்பார்கள், பெண் குரங்கை மந்தி என்பார்கள், பிள்ளைகளே. மற்றபடி இரண்டுக்கும் கைக்கு ஐந்து விரல்தான்.

படிப்பு முடிந்த நாள் வந்தது. அங்கே இருந்ததோ ஒரே ஒரு குறடு. அது யார் கைக்குப் போகிறதோ அவர்தான் பல் பிடுங்கலாம். மூன்று வருஷமாக மந்தியின் கண் அந்தக் குறட்டின் மேல்தான்.

"குறடு கடுவனுக்கு," என்றது கரடி. "உனக்கு இந்தப் பஞ்சு. குட்டிகளின் பால்பல்லைத் துடைத்துக்கொண்டிரு, அம்மா. பிடுங்குவதெல்லாம் ஆண்பிள்ளை வேலை."

"பரீட்சையில் நான்தானே முதல், ஐயா?"

"படிப்பு வேறு, பலம் வேறு."

கடுவன் மீசையை முறுக்கப் பார்த்தது. மீசை இருந்தால்தானே! தாடை மயிரை முறுக்கிக்கொண்டது. "நாளைக்கே உனக்குக் கல்யாணம் ஆகிவிடும். குறடு எதற்கு, தேங்காய் உரிக்கவா?"

மந்தி வாய் திறப்பதற்குள், கன்னம் வீங்கிய புலி ஒன்று வந்து உட்கார்ந்தது.

"இடது பக்கம், கீழ்க் கடைவாய்ப்பல். உயிர் போகிறது!"

கடுவன் எதிரே போய் நின்று, தன் இடக்கைப் பக்கமாகக் குறட்டை நுழைத்தது.

"அண்ணே, அது உனக்கு இடது! எதிரே உட்கார்ந்திருக்கிற புலிக்கு அது வலது!" என்று பதறியது மந்தி.

"பொம்பளைக்கு என்ன தெரியும்? பேசாமல் பஞ்சைப் பிடி!"

ஒரே இழுப்பு. முத்துப் போன்ற நல்ல பல் வந்து விழுந்தது.

புலி உறுமிய உறுமலில் கரடி புதருக்குள் பாய்ந்தது. கடுவன் குறட்டைப் போட்டுவிட்டு மர உச்சிக்கு ஏறியது. அத்தனை பலமும் காலில்தான் இருந்தது போலும்.

மந்திக்கும் பயம்தான். ஆனாலும் குறட்டை எடுத்தது.

"ராஜா, ஒவ்வொன்றாகத் தட்டுகிறேன். வலிக்கிற பல் வந்ததும் முனகுங்கள்."

புலி முனகியது. மந்தி அந்தப் பல்லை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்து அசைத்து இளக்கியது. சொத்தைப் பல் நோகாமல் கழன்று வந்தது. புலி 'அப்பாடா' என்றது.

உடனே புதர் பேசியது: "என் மாணவி! அப்போதே சொன்னேனே, கெட்டிக்காரி என்று!"

"சொன்னீர்கள், ஐயா. கையில் பஞ்சைக் கொடுத்துச் சொன்னீர்கள்," என்றது மந்தி. குறட்டைத் திருப்பித் தரவில்லை.

மர உச்சியிலிருந்து கடுவன் கத்தியது: "பெண்ணாயிற்றே என்று புலி பொறுத்துக்கொண்டது, அவ்வளவுதான்!"

புலி அண்ணாந்து பார்த்தது. "கீழே வந்து சொல், தம்பி."

கடுவன் இன்னும் இறங்கவில்லை.

நீதி: வலிக்கிற பல், பிடுங்குகிற கை ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை, வேலை தெரிந்த கையா என்றுதான் கேட்கும்.