லாரியோடு வந்த சாணை மெஷின்

செங்காட்டுப்பாளையத்தில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அறிவாளிகள் நிறையவே இருந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லாம் வேறு தெரு. இந்தக் கதை நடந்தது கோதண்டம் வீட்டுத் தகரக் கொட்டகையில்.

கோதண்டம், பிச்சாண்டி, தாவீது மூன்று சிநேகிதர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கத்தி செய்கிற பைத்தியம். பழைய லாரியின் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, மரப்பிடி போட்டு, ஒவ்வொரு கத்திக்கும் பெயர்கூட வைப்பார்கள். எதையும் வெட்டாது என்பதைத் தவிர அந்தக் கத்திகளில் ஒரு குறையும் இல்லை. ஒருமுறை வாழைப்பழத்தை நறுக்கிப் பார்த்தார்கள். பழம் நசுங்கியது, கத்தியும் கொஞ்சம் வளைந்தது.

கோதண்டத்தின் மனைவி செண்பகவல்லிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, வெள்ளிக்கெழம எங்கப்பா வர்றாரு. அன்னைக்கு உங்க கத்தி ஒண்ணாவது ஒரு பூசணிக்காயை ரெண்டாப் பொளக்கோணும். இல்லீன்னா இந்தக் கொட்டாயில எருமையைக் கட்டிப்போடுவேன், பாத்துக்குங்க!"

கொட்டகை போனால் கோதண்டத்துக்கு உயிரே போன மாதிரி. மூவரும் கூடி யோசித்தார்கள்.

"தப்பு கத்தியில இல்ல" என்றான் பிச்சாண்டி.

"பின்ன, பூசணிக்காய்லயா?" என்றான் தாவீது.

"சாணையிலப்பா. நம்மகிட்டச் சாணையே இல்ல. இல்லாத சாணை எப்படி நல்லாத் தீட்டும்?"

மற்ற இருவருக்கும் அது நியாயமாகப் பட்டது. கோயமுத்தூரில் மூடிக் கிடந்த ஒரு பட்டறையில் வெள்ளைக்காரன் காலத்துச் சாணை மெஷின் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார்கள். வார்ப்பிரும்பு உடம்பு, ஆள் உயரம். பட்டறைக்காரர் ராஜமாணிக்கம், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கும்பிடாத குறையாகக் கொடுத்தார். கூடவே இரண்டு புத்திமதியும் சொன்னார்.

"இது தலைபாரமுங்க. எங்க வெச்சாலும் சும்மா நிக்க உட்றாதீங்க. வெச்ச எடத்துலயே நாலு மூலைக்கும் போல்ட்டு போட்டு முடுக்கிப்போடுங்க. அப்புறம், கத்தியைக் கல்லுல புடிக்கையில பொறி பறக்கும். பறக்கையில பயந்துபோய்க் கையை எடுத்துராதீங்க."

மூவரும் தலையாட்டினார்கள். அவர்கள் தலையாட்டினால்தான் ஊருக்கே பயம்.

கிரேன் வைத்துத் தூக்கி, வாடகைக்குப் பிடித்த இருளப்பனின் மினி லாரியில் மெஷினை வைத்தார்கள். வைத்தாகிவிட்டதல்லவா? இருளப்பன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் லாரித் தளத்தில் ஓட்டை போட்டு, போல்ட்டை இறக்கி முடுக்கி, கழன்றுவிடக் கூடாதே என்று வெல்டிங்கும் அடித்துவிட்டார்கள்.

"அடப்பாவிகளா! ஊருக்குப் போயி இதை எப்படி எறக்குவீங்க?"

"எறக்குனா மறுக்கா வெக்கோணும், மறுக்கா முடுக்கோணும்" என்றான் தாவீது, மிகுந்த பரிவோடு. "உங்களுக்கு எதுக்குங்ணா அந்தச் சிரமம்?"

கொட்டகை வாசலில் லாரி நுழையவில்லை. முன்பக்கத் தகரத்தைப் பிரித்தார்கள். கூரை இடித்தது. கூரையையும் பிரித்தார்கள். கொட்டகையை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்ற வேகத்தில் மீதித் தகரங்களையும் கழற்றி ஓரமாக அடுக்கினார்கள். லாரி சுலபமாக உள்ளே போய்விட்டது.

"நான் எதுல ஊட்டுக்குப் போறது?" என்று இருளப்பன் அழாக்குறையாகக் கேட்டான்.

"பஸ்ஸு இருக்குதுங்ணா."

வெள்ளிக்கிழமை மாமனார் நஞ்சப்பர் வந்து, லாரிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் பூசணிக்காய். கோதண்டம் லாரி மேல் ஏறி, இருப்பதிலேயே பெரிய கத்தியைக் கல்லில் வைத்தான். பொறி பறந்தது. முழ நீளக் கத்தி சாண் ஆனது. சாண், விரல் ஆனது.

"ஏம்ப்பா, கையை எடுத்துரட்டுமா?"

"பொறி பறக்குதல்ல! பயந்துட்டியா?" என்றான் பிச்சாண்டி.

"எனக்கென்னப்பா பயம்?" என்று கோதண்டம் இன்னும் அழுத்தினான். ஒருவழியாகப் பொறி நின்றது. அவன் கையில் மரப்பிடி மட்டும் இருந்தது.

மூவரும் பிடியின் முனையை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்கள்.

"கத்தி எங்கப்பா?" என்றான் தாவீது.

"அத்தனை கூரு" என்றான் பிச்சாண்டி. "கண்ணுக்கே தட்டுப்படல."

கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கத்தி அவன் கைக்கு வந்ததே இல்லை. கீழே இறங்கினான். பிடியைப் பூசணிக்காய்க்கு மேலே தூக்கி, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பாக இழுத்தான். பூசணிக்காய் அசையாமல் இருந்தது.

"எங்க பொளந்துச்சு?" என்றாள் செண்பகவல்லி.

"பொளந்துருச்சு புள்ள. காய்க்கே இன்னும் தெரியல."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பூசணிக்காயைத் தூக்கப் போனாள்.

"தொட்டுறாத கண்ணு!" என்று அலறியபடி எழுந்தார் நஞ்சப்பர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு காயைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு மருமகனின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"அடேங்கப்பா மாப்ள! கோடுகூடத் தெரியலீங்களே!"

மகள் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, நீ இந்தப் பாதியைக் கொழம்பு வெச்சுரு. அந்தப் பாதி அப்படியே இருக்கட்டும். போகையில உங்கம்மாளுக்கு எடுத்துட்டுப் போறேன்."