செண்பகம் பிடுங்கிய பியூஸ் கட்டை

விருத்தாசலத்தில் ஒரு வீடு, அந்த வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அந்தக் கம்ப்யூட்டருக்குள் செத்துப்போன பொன்னுத்தாயின் குரல். பேத்திக்கு அவள் பாடிய தாலாட்டு வேறெங்கும் கிடையாது.

ஒருநாள் மத்தியானம் திரை முழுக்கச் சிவந்தது. ‘வைரஸ்! உடனே அழையுங்கள்’ என்று ஒரு நம்பர். பொன்னுத்தாயின் புருஷன் மருதநாயகம் உடனே அழைத்தார்.

“தலைமை அதிகாரி பேசறேன்!” ஸ்பீக்கரில் ஒரு குரல் கர்ஜித்தது. “இங்கேருந்தே உங்க கம்ப்யூட்டரைப் பாத்துட்டிருக்கேன். எங்க ஆன்டிவைரஸ் வாங்கலேன்னா அத்தனையும் அழிஞ்சிடும். கார்டு நம்பரைச் சொல்லுங்க!”

“மாமா, கொஞ்சம் பொறுங்க,” என்றாள் மருமகள் செண்பகம்.

“சும்மா இரு! உனக்கென்ன தெரியும்? அழிஞ்சுபோனா அவ வந்து மறுபடி பாடுவாளா?” என்று கண் கலங்கக் கார்டைத் தேடினார்.

செண்பகம் வாசலுக்குப் போய் பியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். மின்விசிறி நின்றது, திரை இருண்டது. மாமனார் வாய் திறக்குமுன் கையமர்த்திவிட்டு, போனில் பயந்தவள்போலக் கேட்டாள்:

“சார், வைரஸ் இன்னும் இருக்குங்களா?”

“இருக்காவா? ஒவ்வொண்ணா தின்னுட்டு வருதும்மா! திரையில என் கண்ணால பாத்துட்டே இருக்கேன்!”

“பியூஸ் கட்டை என் கையில இருக்கு சார். கரண்டே இல்லாத பெட்டியை எந்த விளக்கு வச்சுப் பாக்கறீங்க?”

போன் பட்டென்று துண்டிக்கப்பட்டது.

கரண்டைப் போட்டு, அந்தச் சிவப்புப் பக்கத்தைத் திறக்காமல், செண்பகம் தாலாட்டை ஓடவிட்டாள். மருதநாயகம் கார்டைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, முடியும்வரை கண்மூடிக் கேட்டார்.

“இன்னொரு தடவை போடும்மா,” என்றார்.