கரிச்சான் வீட்டுக்கு வராத செய்தி

மருதங்குளத்தின் கரையில் ஒரு நடுநிலைப் பள்ளி இருந்தது. வால் பாதி உதிர்ந்த தவளைகள், பாதி பறக்கத் தெரிந்த பறவைகள், குரல் உடைந்துகொண்டிருந்த குரங்குகள் என்று அங்கே படித்தவர்கள் எல்லாருமே பாதி வளர்ந்தவர்கள். சொன்ன பேச்சையும் பாதிதான் கேட்பார்கள்.

அந்தப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் ஓர் ஆமை. ஆமையார் என்றால் குளம் முழுக்க மரியாதை. வாரா வாரம் வெள்ளிக்கிழமை, அந்த வாரத்துச் செய்திகளையும் கவலைகளையும் எல்லாப் பெற்றோர்களுக்கும் சொல்லி அனுப்புவார். அவரே கிளம்பினால் செய்தி அடுத்த மழைக்காலத்தில்தான் போய்ச் சேரும். அதனால் அந்த வேலைக்குக் கரிச்சானை வைத்திருந்தார்.

கரிச்சானைப் பார்த்திருப்பீர்கள். கன்னங்கரேல் என்று இருக்கும். வால் கத்தரிக்கோல் மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். யார் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும். ஆமையார் ஒருமுறை சொன்னால் போதும், ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. நடுவில் அவர் இருமினால் அந்த இருமலும் வீடு வீடாகப் போகும்.

ஆமையாருக்கு ஒரு வழக்கம் உண்டு. கவலை எதுவானாலும் பிள்ளையின் பெயரைச் சொல்லவே மாட்டார். "ஒரு பிள்ளை" என்று மட்டும்தான் சொல்வார். "நாலு வீட்டில் பெயர் அடிபட்டால் பிள்ளையின் மனசு நொந்துபோகும்" என்பார். எண்ணம் என்னவோ நல்ல எண்ணம்தான். ஆனால் அதைக் கேட்கிற பெற்றோர் வாரா வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஆமையார் சொன்ன செய்தி இது.

"அன்பான பெற்றோர்களே! க்ஹும். செவ்வாய்க்கிழமை நீச்சல் வகுப்பு. துவட்டிக்கொள்ள ஆளுக்கு ஒரு தேக்கிலை கொடுத்து அனுப்பவும். தவளைப் பிள்ளைகளின் வாலைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. க்ஹும். ஒரு கவலை. பள்ளி விட்டதும் ஒரு பிள்ளை தெற்குக் கரை ஈச்சம்புதருக்குப் போகிறது. முன்பின் தெரியாத ஒருவர் அங்கே கொடுக்கும் தின்பண்டத்தை வாங்கித் தின்கிறது. அந்த ஒருவர் நல்லவர் அல்லர். பெற்றோர் உடனே கவனிக்கவும்."

கடைசி வரியை அவர் கரிச்சானின் முகத்தையே பார்த்து இரண்டாம் முறையும் சொன்னார்.

"புரிந்ததா அம்மா?"

"ஒரு சொல் விடாம புரிஞ்சுது ஐயா!" என்று சொல்லிவிட்டுக் கரிச்சான் பறந்தது.

அந்தப் பிள்ளை யார் என்று உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். அது கரிச்சானின் ஒரே மகன் விசுக்கான்! தின்பண்டம் கொடுத்தது காட்டுப்பூனை!

விசுக்கானுக்கு ஈசல் என்றால் உயிர். காட்டுப்பூனைக்கு அது தெரியும். முதல் நாள் அந்த ஈச்சம்புதரின் உச்சி மட்டையில் ஈசலை வைத்துவிட்டு எட்டப் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் கொஞ்சம் கீழே வைத்தது. அதற்கும் மறுநாள் இன்னும் கீழே.

"அம்மாவுக்கு ஊர் வேலையே சரியா இருக்கு, இல்லே மருமகனே? பசிச்சா இந்த மாமாகிட்ட வா! திங்கட்கிழமை தரையிலேயே ஒரு குவியல் வெச்சிருக்கேன்!" என்றது.

"சரி மாமா!" என்றான் அந்த அசட்டுப் பையன்.

இங்கே கரிச்சான் முதலில் முயல் வீட்டுக்குப் போனது. ஆமையார் குரலில், இருமலோடு, முழுச் செய்தியையும் சொன்னது.

முயலம்மாவுக்குத் தலை சுற்றியது. "நீச்சலா? எங்க பசங்களுக்குமா? நாங்க மழையில நனைஞ்சாலே தும்முவோமே அக்கா! சரி, அது கிடக்கட்டும். அந்த ஒரு பிள்ளை யாரு?"

"ஐயா பேர் சொல்லலை."

"என் மூத்தவன்தான்! நேத்து அருகம்புல்லை மிச்சம் வெச்சான். எங்கேயோ தின்னுட்டு வந்திருக்கான்!" முயலம்மா உள்ளே ஓடி மூத்தவனைப் பிடித்து உலுக்கியது. பாவம், அவனுக்கு வயிற்றுவலி.

அடுத்தது குரங்கு வீடு. "தெற்குக் கரையா?" என்று குரங்கண்ணன் கிளைக்குக் கிளை தாவி நாலு திசையையும் பார்த்தார். "இங்கேயிருந்து பார்த்தா தெற்கு. தலைகீழாத் தொங்கினா வேற மாதிரி தெரியுதே! எது எப்படியோ, அது எங்க வீட்டுப் பிள்ளை இல்லை. எங்க பசங்க யாரும் கொடுத்தா வாங்க மாட்டாங்க. பிடுங்கித்தான் தின்பாங்க!"

"அப்போ யாரா இருக்கும் அண்ணே?"

"முயல் வீட்டுலதான் அழுகைச் சத்தம் கேட்குது. நீயே யோசிச்சுக்கோ!"

கீரிக்கோ கோபமே வந்துவிட்டது. "முன்பின் தெரியாத ஒருவர்னா என்னைத்தானே சொல்றாரு? நான் இந்தப் பக்கம் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. அதுக்காக நல்லவர் அல்லர்னு ஊரெல்லாம் சொல்லி அனுப்புறதா? நான் யாருக்கு என்ன கொடுத்தேன்?"

"உங்களைச் சொல்லலை அண்ணே!"

"அப்போ யாரைச் சொன்னாரு?"

"தெரியலையே!"

தவளையம்மா மட்டும் செய்தியை அமைதியாகக் கேட்டது. வால் விஷயத்துக்கு ஐயாவுக்கு நன்றி சொல்லச் சொன்னது. தேக்கிலையால் துவட்டினால் தவளைத் தோல் என்னத்துக்கு ஆகும் என்று மட்டும் ஒரு சந்தேகம் கேட்டது.

இப்படியே குளத்தைச் சுற்றி எல்லா வீட்டுக்கும் சொல்லி முடித்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் கரிச்சான் தன் கூட்டுக்கு வந்தது. விசுக்கான் வயிறு புடைக்க உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிட்டியா கண்ணு?"

"சாப்பிட்டேம்மா."

"தானே இரை தேடிக்கிறான் என் பிள்ளை!" கரிச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை. மகனின் தலையைக் கோதிக்கொடுத்தது. "ஊர்ல ஒரு பிள்ளை இருக்கு பாரு, கண்டவங்க கொடுக்கிறதை வாங்கித் தின்னுதாம். அதைப் பெத்தவளை நினைச்சா எனக்குப் பாவமா இருக்கு."

"எந்தப் பிள்ளைம்மா?" என்று கேட்டான் விசுக்கான். அவனுக்கும் அது தன்னைப் பற்றிய பேச்சு என்று தோன்றவில்லை. மாமா கொடுப்பது வேறு, கண்டவங்க கொடுப்பது வேறு என்று நினைத்திருந்தான்.

"யாரோ! உனக்கெதுக்கு அந்தப் பேச்சு? தூங்கு!"

சனியும் ஞாயிறும் குளக்கரை இரண்டுபட்டது. குரங்கு வீட்டார் முயல் வீட்டாரோடு பேசவில்லை. முயல் வீட்டார் கீரி வீட்டுப் பக்கம் போகவில்லை. கீரி யாரைப் பார்த்தாலும் "என்ன, என்ன?" என்று சீறியது. நீச்சல் சனிக்கிழமையா செவ்வாய்க்கிழமையா என்பதிலும் குழப்பம். குரங்குப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையே தேக்கிலையைத் தலையில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் செய்தி கேட்ட எல்லா வீட்டிலும் நடந்தது. அது நம் வீட்டுப் பிள்ளை இல்லை என்று வாய் சொன்னாலும் மனசு கேட்கவில்லை. திங்கட்கிழமை பள்ளி விடும் நேரத்துக்கு எல்லாப் பெற்றோரும் வாசலில் வந்து நின்றார்கள். அவரவர் பிள்ளையைக் கையோடு பிடித்துக்கொண்டார்கள். பிடித்துக்கொண்டு நேரே ஆமையாரிடம் சண்டைக்குப் போனார்கள்.

"யார் வீட்டுப் பிள்ளைன்னு இன்னிக்குச் சொல்லியாகணும்!"

"அந்தத் தெரியாதவர் நானா? அதைச் சொல்லுங்க முதல்ல!"

"முயலுக்கு எதுக்கு ஐயா நீச்சல்?"

ஆமையாருக்கு ஒரே சமயத்தில் ஒருவர் பேசினாலே புரிய நேரமாகும். இத்தனை பேர் கத்தியதும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். ஆசிரியர் வேலையில் அவருக்கு இருந்த ஒரே வசதி அதுதான்.

"சத்தம் போடாதீங்க! செய்தியை நான் இன்னொரு தடவை சொல்றேன்!" என்று கிளையிலிருந்து கரிச்சான் ஆரம்பித்தது. "அன்பான பெற்றோர்களே! க்ஹும்..."

"நீ சும்மா இரு! கேட்டுக் கேட்டுத்தான் இப்படிக் குழம்பிப்போய் நிக்கிறோம்!" என்றார் குரங்கண்ணன்.

"என் பிள்ளை இதோ இருக்கான்!" என்றது முயலம்மா.

"என் பிள்ளைங்க இதோ!" என்றது கீரி.

தவளையம்மா சுற்றும் முற்றும் பார்த்தது. முயல் பக்கத்தில் முயல்குட்டி. குரங்கு இடுப்பில் குரங்குக்குட்டி. எல்லாப் பிள்ளையும் அதனதன் வீட்டாரோடு நின்றது. தவளையம்மா நிமிர்ந்து கிளையைப் பார்த்தது.

"கரிச்சான் அக்கா, உங்க விசுக்கான் எங்கே?"

"அவனா? இரை தேடப் போயிருப்பான். அவன் சமர்த்து. வயிறு நிறையத் தின்னுட்டுதான்..." கரிச்சான் பாதியில் நிறுத்தியது.

ஓட்டுக்குள்ளிருந்து ஆமையாரின் தலை வெளியே வந்தது. "அம்மா, நான் சொன்னதை உன் வீட்டில் சொன்னாயா?"

"என் வீட்டுலயா? நான்தானே ஐயா சொல்றவ! என் வீட்டுக்கு யாரு வந்து சொல்லுவாங்க?"

"உன் முகத்தைப் பார்த்து இரண்டு முறை சொன்னேனே! நீ கேட்டுக்கொண்டாயே!"

"கொண்டுபோய்ச் சொல்லத்தான் ஐயா கேட்டேன்! எனக்குன்னு கேட்கலையே!"

அதற்குமேல் கரிச்சான் அங்கே இல்லை. தெற்குக் கரையை நோக்கிப் பறந்தது. எல்லாரும் பின்னாலேயே ஓடினார்கள்.

ஈச்சம்புதருக்கு அடியில் விசுக்கான் தரையில் கிடந்தான். சுற்றிலும் ஈசல் சிதறியிருந்தது. அவனுடைய வாலை ஒரு முன்னங்காலால் அழுத்திக்கொண்டு காட்டுப்பூனை குனிந்திருந்தது.

"மாமா, வலிக்குது மாமா!" என்று அழுதான் விசுக்கான்.

"கொஞ்ச நேரம்தான் மருமகனே!" என்றது காட்டுப்பூனை.

கரிச்சானுக்குச் சிறுத்தையின் உறுமல் தெரியும். செந்நாயின் குரைப்பு தெரியும். அதில் எதைக் கேட்டாலும் காட்டுப்பூனை ஓடிவிடும். ஆனால் பெற்ற வயிறு பதறும்போது எந்த வித்தை நினைவுக்கு வரும்? வாயைத் திறந்ததும், பல வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகியதுதான் வந்தது.

"அன்பான பெற்றோர்களே! க்ஹும்!"

காட்டுப்பூனைக்கு ஒன்றுமே புரியவில்லை. பெற்றோர்களா? எந்தப் பெற்றோர்கள்? எத்தனை பேர்? குழம்பிப்போய்த் தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது. அதன் கால் ஒரு பக்கமாக நகர்ந்தது. விசுக்கான் உயிரைக் கொடுத்து இழுத்தான். இரட்டை வாலில் ஒரு பாதி பூனையின் காலடியிலேயே பிய்ந்து நின்றது. மீதிப் பாதியோடு அவன் மேலே எழும்பினான். கரிச்சான் நேரே இறங்கிப் பூனையின் மூக்கில் ஒரு கொத்துக் கொத்தியது!

அதற்குள் பெற்றோர்களே வந்துவிட்டார்கள். குரங்கண்ணன் கையில் கிடைத்ததையெல்லாம் வீசினார். முயலம்மா மண்ணை வாரி இறைத்தது. "முன்பின் தெரியாதவர் யாருன்னு இப்போ தெரியுதா?" என்று கத்திக்கொண்டே கீரி பாய்ந்ததும், காட்டுப்பூனை புதருக்கு அந்தப் பக்கம் தாவி ஓடியது. அதற்குப் பிறகு அது அந்தக் குளத்துப் பக்கமே வரவில்லை.

எல்லாம் முடிந்து வெகு நேரம் கழித்து ஆமையார் வந்து சேர்ந்தார். நடுங்கிக்கொண்டிருந்த விசுக்கானைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. கரிச்சானிடம், "பெயர் சொல்லாதது சரிதான். ஆனால் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது உன் பிள்ளை அம்மா என்று நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.

கரிச்சான் மகனைச் சிறகுக்குள் இழுத்து அணைத்துக்கொண்டு அழுதது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் செய்தி வந்தது. நீச்சல் வகுப்பில் யார் யாரோ தேக்கிலையை மாற்றி எடுத்துப் போய்விட்டார்களாம், திருப்பித் தர வேண்டுமாம். கரிச்சான் அதைக் கேட்டுக்கொண்டு முயல் வீட்டுக்குப் போகவில்லை. நேரே தன் கூட்டுக்குத்தான் வந்தது. ஒற்றை வாலோடு கிளையில் உட்கார்ந்திருந்த மகனுக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அன்பான பெற்றோர்களே! க்ஹும்!"

"அம்மா," என்றான் விசுக்கான், "உங்க குரல்ல சொல்லுங்கம்மா."

கரிச்சான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு எங்கே போனே, யாரோட இருந்தே, என்ன சாப்பிட்டே? எல்லாம் சொல்லு கண்ணு" என்று தன் சொந்தக் குரலில் கேட்டது.

ஊருக்கெல்லாம் எச்சரிக்கை கொண்டுபோகிறவர் அதை முதலில் தன் வீட்டுக்கு வந்த செய்தியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.