சாம்பார் கொட்டிய கல்யாணப் புடவை

"நாளைக்கு எனக்குக் கல்யாணம். வெள்ளைப் புடவையில் சாம்பார் கொட்டிவிட்டது. யாராவது வழி சொல்லுங்களேன்" என்று வீட்டுக் குறிப்பு முகநூல் குழுவில் ஜெசிந்தா அழாத குறையாக எழுதினாள்.

குழுவை நடத்தும் பரிபூரணம் உடனே தீர்ப்பு எழுதினார். "மஞ்சள் கறை போகவே போகாது. போக்கிக் காட்டுபவரிடம் இந்தக் குழுவையே ஒப்படைக்கிறேன்."

ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் கனகு பதில் போட்டாள். "சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோட மொட்டைமாடியில விரிச்சுப் போடு தாயி."

ஜெசிந்தா சோப்பைப் போட்டதும் கறை ரத்தமாய்ச் சிவந்தது. அவள் போட்ட படத்தைப் பார்த்து, "இருந்த புடவையும் போச்சு!" என்று பரிபூரணம் சிரித்தார்.

"சிவக்கத்தான் செய்யும். பயப்படாம விரி" என்றாள் கனகு.

மணிக்கொரு படம் வந்தது. சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெளிறிக்கொண்டே போனது. பன்னிரண்டாயிரம் பேர் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மூன்று மணிப் படத்தில் கறை இருந்த இடமே தெரியவில்லை.

பரிபூரணம்தான் முதலில் கேட்டார். "அம்மா, அது என்ன மருந்து? எந்தக் கடையில் கிடைக்கும்?"

"கடையில இல்லீங்க ஐயா. வெளியில வந்து தலையைத் தூக்கிப் பாருங்க. வெயில்தான்."

"சொன்னபடி குழுவை எடுத்துக்கொள்ளுங்கள்."

"நீங்களே வச்சுக்குங்க. பொழுது சாயறதுக்குள்ள எனக்கு இன்னும் நாலு போர்வை காயணும்."