சீ, போங்க ரிப்பராரே

திண்டிவனத்துப் புயல் பேண்டு செட்டில் ஆள் மூன்று. மூளை எத்தனை என்று கேட்காதீர்கள், நானும் எண்ணிப் பார்த்து அலுத்துவிட்டேன். தலைவர் அஞ்சாபுலிக்கு நாற்பத்திரண்டு வயதில் ஒருவழியாகக் கல்யாணம் கூடியிருந்தது. பெண் பூங்காவனம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: தாலி கட்டும்போது அக்கார்டியன் வாசிக்க வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் செட்டிலிருந்த ஒரே அக்கார்டியன் நாற்காலியிலிருந்து விழுந்து ஊமையாகிவிட்டது.

புதுச்சேரிப் பக்கம் வாத்தியம் பழுதுபார்க்கும் இத்தாலிக்காரர் ஒருவர் இருந்தார். இருபது வருஷமாகத் தமிழில்தான் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறார். அது நம்மவர்களுக்குத் தெரிந்திருந்தால் கதை ஏது? 'மூன்று நாளில் இத்தாலியன்' என்று ஒரு புத்தகம் வாங்கினார்கள். சரிசெய்ய முடியுமா என்று கேட்பதற்கு, முதல் நாள் பாடத்திலேயே 'சி புவோ ரிப்பராரே?' என்று போட்டிருந்தது.

டிரம்ஸ் தாண்டவராயன் முகம் சுளித்தான். "பெரிய மனுஷனை எடுத்த எடுப்புலயே 'சீ, போ'ன்னா நல்லாவா இருக்கும்?"

வெகுநேரம் யோசித்தார்கள்.

"'சீ, போங்க'ன்னு சொல்லிடலாம்," என்றார் அஞ்சாபுலி. எல்லாருக்கும் மனசு நிறைந்தது.

'பத்து முறை உரக்கச் சொல்லவும்' என்றும் பாடத்தில் இருந்தது. ஆகவே இத்தாலிக்காரர் கதவைத் திறந்ததும் அக்கார்டியனை நீட்டி, ஆளுக்குப் பத்து முறை, "சீ, போங்க ரிப்பராரே?" என்று கத்தினார்கள். முப்பதாவது முறையில் அவருக்குப் பிடிபட்டது. தாய்மொழியைக் கேட்ட பூரிப்பில், "சீ, சீ! செர்த்தோ!" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவர் தேட உள்ளே போனார். 'ஆமாம், ஆமாம், கட்டாயம் முடியும்' என்று அர்த்தம். அது மூன்றாம் நாள் பாடம். இவர்கள் முதல் நாளே கிளம்பி வந்துவிட்டார்கள்.

"செத்துப்போச்சாம்," என்றான் டிரம்பெட் மண்ணாங்கட்டி, மெதுவாக.

"அதுக்கு முன்னாடி 'சீ'ன்னாரே?" என்றான் தாண்டவராயன்.

"பொணத்தை வாசலுக்குக் கொண்டாந்தா வேற என்ன சொல்லுவாங்க?"

அஞ்சாபுலி அங்கேயே உட்கார்ந்து அழுதார். மற்ற இருவரும் அந்த வீட்டு முருங்கை மரத்தடியிலேயே குழி தோண்டினார்கள். வாய்க்கரிசி போட அதற்கு வாய் எது என்று ஒரு தகராறு. கடைசியில், கட்டைக்கு ஒரு பருக்கை வீதம், கொண்டுவந்த புளியோதரையை வைத்தார்கள்.

இத்தாலிக்காரர் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடி வந்தார். "ஐயா, அது சாகலைய்யா! பத்து நிமிஷ வேலை!" என்றார், நல்ல தமிழில்.

அஞ்சாபுலி அவரைக் கட்டிக்கொண்டார். "துக்கத்துல எல்லாரும் இப்படித்தாங்க சொல்லுவாங்க. உங்க ஊர்ல பொறந்தது, உங்களுக்குத் தாங்காதுதான். முதல் பிடி மண்ணை நீங்களே போடுங்க."

கல்யாணத்தன்று காலையில் பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளையைத் தேடி வந்தான். மூன்று பேரும் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன மாப்பிள்ளை இது? முகூர்த்தத்துக்கு நேரமாச்சு."

"தீட்டு மச்சான். பதினாறு நாள் கழிச்சுத்தான் தாலி," என்றார் அஞ்சாபுலி. "பூங்காவனத்தைக் கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க. அது ஆசைப்பட்ட அக்கார்டியன் கச்சேரியைக் கருமாதிக்கே வெச்சிருக்கோம்."